மடிக்குழந்தைக்கு ஒரு சீட்

மறுநாள் காலையில் விமானம். முதல் நாள் மத்தியானம் எங்கள் கவுண்டரின் கண்ணாடிப் பலகை மேல் ஒரு தடுப்பூசி அட்டை கிடந்தது. அதில் எழுதியிருந்த பிறந்த தேதியைப் பார்த்தேன். சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். எதிர் நாற்காலியில், அம்மாவின் மடியில் உட்கார்ந்து, தண்ணீர் டம்ளரில் பிஸ்கட்டை முக்கி முக்கி எடுத்துக்கொண்டிருந்த குழந்தையைப் பார்த்தேன். நான் அந்தக் குழந்தைக்குப் போட்டிருந்த டிக்கெட் செல்லாது.

"பாப்பாவுக்கு ரெண்டு வயசு முடிஞ்சிருச்சுங்களே," என்றேன்.

"ஆமாக்கா. போன மாசந்தான கேக் வெட்டுனோம்," என்று சிரித்தாள் அம்மா.

பக்கத்தில் நின்ற மெர்ச்சண்டைசர் பிரபு சிரிக்கவில்லை.

இப்போது டிக்கெட்டிங் கோர்ஸ் முடித்துவிட்டு வருகிற பிள்ளைகள் என்னிடம், "அக்கா, சின்னக் குழந்தைங்களுக்கு என்ன ப்ரூஃப் கேக்கணும்?" என்று கேட்பதுண்டு. பட்டியல் சொல்லிவிடலாம். ஆனால் பட்டியல் மறந்துபோகும். அதனால் அந்த மத்தியானத்தைச் சொல்கிறேன்.

வாசலில் செருப்புகள்

திருப்பூர் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது எங்கள் டிராவல்ஸ் ஆபீஸ். முதலாளி ஜமால் பாய். நான் டிக்கெட்டிங். ஹஜ்ஜுக்குப் போகிறவர்களுக்கும் வளைகுடா வேலைக்குப் போகிறவர்களுக்கும் டிக்கெட் போட்டு ஆரம்பித்தவர் அவர். நான் சேர்ந்தபோது பனியன் கம்பெனிக்காரர்கள் வரத் தொடங்கியிருந்தார்கள்.

அந்தக் காலத்தை நான் வாசலில் கிடக்கும் செருப்புகளை வைத்துத்தான் நினைவில் வைத்திருக்கிறேன். எக்ஸ்போர்ட்டர்கள் தோல் ஷூவைக் கழற்றுவதில்லை, அப்படியே உள்ளே வருவார்கள். அதனால் முதல் சில வருடங்கள் வாசல் வெறுமையாகக் கிடந்தது. பிறகு குறைந்த கட்டண விமானங்கள் வந்தன. ஏசி அறைக்குள் செருப்போடு வரக் கூடாது என்று நினைத்துக்கொள்கிற மனிதர்கள் வர ஆரம்பித்தார்கள். கட்டிங் மாஸ்டர்கள், செக்கிங் சூப்பர்வைசர்கள், சாயப்பட்டறை ஆட்கள். "போட்டுட்டே வாங்க" என்றாலும் கேட்க மாட்டார்கள். வானத்துக்குப் போகிற வழி அந்த ரப்பர் செருப்புகளைத் தாண்டித்தான் இருந்தது. தெருப் பக்கம் போகும்போதெல்லாம் நான் அவற்றை எண்ணாமல் எண்ணிச் சந்தோஷப்படுவேன்.

ஒரு நாள், நூல் பிசிறு ஒட்டிய ஒரு ஜோடிச் செருப்பும், அதன் அருகில், நடந்தால் கீச்சிடும் ஒரு ஜோடிக் குட்டி ஷூவும் அங்கே கிடந்தன. அப்படித்தான் ஜெபராணியும் அவள் மகள் ஷைனியும் எங்களிடம் வந்தார்கள். ஆனால் அதற்குச் சில நாள் முன்பே அவர்களுக்கு நான் டிக்கெட் போட்டுவிட்டிருந்தேன்.

டேப்பில் அளந்த வயது

போன் செய்தது பிரபு. பெருமாநல்லூர் ரோட்டில் குழந்தைகள் உடுப்பு மட்டும் செய்கிற ஒரு கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டுக்கு உடுப்பு வாங்குகிற பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற வேலை. வேகமாகப் பேசுவார்.

"அக்கா, டெல்லிக்கு டிக்கெட் வேணுமுங்க. ரெண்டு அடல்ட், ஒரு இன்ஃபன்ட்."

"ஊட்ல கூட்டிட்டுப் போறீங்களா தம்பி?"

"அட நீங்க ஒண்ணு! எனக்கு இன்னும் பொண்ணே அமையலீங்க. எங்க சாம்பிள் டெய்லர் வராங்க. கொழந்தை அவங்களுது. அதுதான் எங்க ஃபிட் மாடல்."

ஃபிட் மாடல் என்றால், தைத்த சாம்பிளை உடுத்திப் பார்க்கிற உடம்பு. பொம்மைக்குப் போட்டால் துணி அடங்கி நிற்கும். நிஜக் குழந்தைக்குப் போட்டால்தான் கழுத்து எங்கே பிடிக்கிறது, தொடை எங்கே இழுக்கிறது என்று தெரியும். டெல்லியில் இருந்த பையர் ஆபீஸில் ஒரு ஃபிட் மீட்டிங். அங்கேயே மெஷின் இருக்கும். சட்டையும் டிரவுசரும் ஒன்றாகத் தைத்த ரோம்பரைக் குழந்தைக்கு உடுத்திப் பார்த்து, கையோடு பிரித்துத் தைத்து, அப்ரூவல் வாங்க வேண்டும்.

"பாப்பாவுக்கு என்ன வயசுங்க?"

"ஒன்றரைங்க."

"பிறந்த தேதி?"

"அது கேட்டுச் சொல்றனுங்க. வயசு கரெக்டுங்கக்கா, நானே அளந்திருக்கேன்."

வாய் தவறிச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது உண்மை. குழந்தை உடுப்புக் கம்பெனிக்காரர்களின் கண் அப்படி. ஒரு குழந்தை அறைக்குள் நுழைந்தால் தோளிலிருந்து கணுக்கால் வரை ஒரு பார்வை ஓடும். "ஒன்பது மாசம்", "ஒன்றரை வயசு" என்று சொல்லிவிடுவார்கள். அவர்கள் கையில் இருக்கும் அளவுப் பட்டியல் வெளிநாட்டுக் குழந்தைகளை அளந்து எழுதியது. நம் பிள்ளைகள் பலர் அதைவிடச் சிறிய உடம்பு. ஷைனிக்கு ஒன்றரை வயது அளவு உடுப்பு அச்சாகப் பொருந்தியது. அதனால் பிரபுவுக்கு அவள் ஒன்றரை வயதுக்காரி. அம்மாவிடம் கேட்கவேண்டும் என்ற எண்ணமே அவருக்கு வரவில்லை. டேப்பு சொல்லிவிட்ட பிறகு ஆளை என்ன கேட்பது?

இரண்டு வயது முடியாத குழந்தை இன்ஃபன்ட். அதற்குத் தனி சீட் கிடையாது. அம்மா மடிதான். அன்றைய எங்கள் சிஸ்டத்தில் இன்ஃபன்ட் என்று ஒரு டிக் போட்டால் போதும், தேதியை ஏர்போர்ட்டில்தான் பார்ப்பார்கள். டிக்கெட்டைப் போட்டேன். ஆனால் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. குழந்தையின் பேப்பரைக் கண்ணால் பார்க்காமல் பிரின்ட் கையில் கொடுக்க மாட்டேன்.

"ஏர்போர்ட்ல காமிச்சுக்குவாங்கக்கா," என்றார் பிரபு.

"இங்க காமிச்சுட்டு அப்புறம் அங்க காமிங்க தம்பி."

பஸ்ஸில் வந்த அட்டை

அதற்காகத்தான் ஜெபராணியே நேரில் வந்தாள். தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. புருஷன் பம்பாய்க்கு லாரி ஓட்டுகிறவர், ஊரில் இருக்கும் நாட்கள் குறைவு. வேலம்பாளையத்தில் லைன் வீடு. பிள்ளையை விட்டுவிட்டுப் போக ஒருவரும் இல்லாததால் மகளைச் சாம்பிள் ரூமுக்கே தூக்கிப் போனாள். அங்கே மேஜைக்கடியில் வளர்ந்தவள்தான் கம்பெனியின் ஃபிட் மாடல் ஆனாள்.

"பேப்பருன்னா என்னக்கா? ரேஷன் கார்டுல பிள்ள பேரு இன்னும் சேக்கல," என்றாள்.

"பர்த் சர்டிபிகேட்?"

"தலப்பிரசவம் அம்மா வீட்லல்லா. அங்க பெரியாஸ்பத்திரில பொறந்தா. சர்டிபிகேட்டு யாரும் போயி வாங்கல. ஊசி போட்ட அட்டை உண்டு. அதுவும் அம்மா வீட்ல கெடக்கு."

அட்டை வரட்டும் என்று தேதியை அப்போதே வாயால் கேட்காமல் விட்டேன், அது என் தவறு. இது ஜெபராணி ஒருத்தியின் கதை இல்லை. தெற்கிலிருந்து வந்த எத்தனையோ பெண்களுக்கு இப்படித்தான். வேலை இங்கே, பிரசவம் அங்கே. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வருவார்கள். பிள்ளை பிறந்ததற்கான அத்தாட்சி அங்கேயே தங்கிவிடும். பஸ்ஸில் கண்டக்டர் கேட்டால் மடியில் இழுத்து வைத்துக்கொள்வார்கள். அவர்கள் வாழ்க்கையில் பிள்ளைக்குப் பேப்பர் கேட்டவர்கள் அதுவரை யாருமில்லை.

பேசிக்கொண்டிருக்கும்போது அவள் வேறொன்றும் சொன்னாள். சாம்பிள் ரூம் மாஸ்டர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அந்த இடம் காலி. டெல்லியில் சாம்பிளைச் சரிசெய்து அப்ரூவல் வாங்கி வந்தால் ரூமை அவளே பார்த்துக்கொள்ளலாம் என்று முதலாளி சொல்லியிருக்கிறார்.

"இல்லாட்டி?"

"இல்லாட்டி ஈரோட்டுல இருந்து ஒருத்தவிய வாராவளாம். நான் மறுபடி அவிய வெட்டிக் குடுக்குறதத் தச்சுக்கிட்டு இருக்கணும்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இந்த ரோம்பருக்கு பேட்டர்னு போட்டதே நாந்தான்க்கா. மாஸ்டர் பேரு எழுதியிருக்கும்."

அவள் வருத்தமாகச் சொல்லவில்லை. ஒரு பட்டன் எங்கே தைத்திருக்கிறது என்று காட்டுவது போலச் சொன்னாள்.

திருப்பூரில் அவசரமான எதுவும் பஸ்ஸில்தான் வரும். பட்டன், லேபிள், சாம்பிள் துணி எல்லாம். டிரைவர் கையில் கொடுத்துவிட்டு வண்டி நம்பரைப் போனில் சொன்னால், இந்தப் பக்கம் ஸ்டாண்டில் காத்திருந்து வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஜெபராணியின் அண்ணன் அப்படித்தான் அந்த அட்டையை ஒரு பால்கோவா டப்பாவுக்குள் வைத்து அனுப்பினார். நடுவில் ஞாயிற்றுக்கிழமை வந்து, பிறகு அம்மா எங்கே வைத்தோம் என்று தேடி, அது திருப்பூர் வந்து சேர்ந்தபோது விமானத்துக்கு ஒரு நாள்தான் இருந்தது. ஜெபராணியும் பிரபுவும் குழந்தையோடு ஸ்டாண்டிலிருந்து நேரே எங்களிடம் வந்தார்கள். அட்டையில் நெய் வாசனை.

தேதியைப் பார்த்தேன். மேலே சொன்ன மத்தியானம் அதுதான்.

ஒன்றரை விரல்

"அக்கா, இப்ப என்னங்க ஆகும்?" பிரபு கேட்டார்.

"ரெண்டு முடிஞ்சா இன்ஃபன்ட் கிடையாதுங்க தம்பி. சைல்டு. தனி சீட் வேணும். மடியில வெச்சு ஏத்த மாட்டாங்க."

"சரி, சீட் போடுங்க. கம்பெனி குடுக்கும்."

போட்டுப் பார்த்தேன். சீட் இல்லை. முகூர்த்த நாள் வேறு. அந்த விமானம் நிரம்பிவிட்டது. அடுத்த வழிகளில் போனால் மீட்டிங் முடிந்த பிறகுதான் டெல்லி.

பிரபு கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தார். பிறகு குனிந்து, "அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காதீங்க. இந்தப் புள்ளையப் பாத்தா ரெண்டு வயசுன்னு யாராச்சும் சொல்லுவாங்களா? அட்டை கெடைக்கலைன்னு சொல்லிட்டு ஒன்றரைன்னு சாதிச்சுட்டா?"

"வயசுக்கு அத்தாட்சி இல்லாம இன்ஃபன்ட்ட ஏத்த மாட்டாங்க."

"கேட்டாத்தான?" என்று சொல்லிவிட்டுக் குழந்தையின் முன்னால் மண்டியிட்டார். "கண்ணு, ஷைனிக்குட்டி, உனக்கு எத்தன வயசு?"

ஷைனி ஈர பிஸ்கட் ஒட்டிய இரண்டு விரலை நிமிர்த்தினாள். பிறந்தநாளுக்குச் சாம்பிள் ரூமே கூடிச் சொல்லிக்கொடுத்த வித்தை.

"இல்ல கண்ணு, ஒன்றரை. ஒன்றரைன்னு காட்டு."

அவள் யோசித்தாள். ஒரு விரலைப் பாதியாக மடக்கினாள்.

உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஜமால் பாய் வாய்விட்டுச் சிரித்தார். "தம்பி, கொழந்தைக்கு இருக்கற கணக்கு உங்களுக்கு இல்லீங்களே! அது கரெக்டாத்தான் காட்டுது."

எல்லாரும் சிரித்தோம். ஜெபராணியும் சிரித்தாள். பிறகு மகளின் விரலைத் துடைத்துவிட்டபடி சொன்னாள்:

"வேண்டாம் சார். பிள்ளைக்கு ரெண்டு வயசு ஆயிருச்சு. ரெண்டு வயசு ஆகறதுக்குள்ள நான் என்ன பாடு பட்டிருக்கேன், அதுல அரை வருசத்தக் கொறச்சா எனக்குப் பொறுக்காது." விரலை விடாமலேயே, "அவ ஏறலைன்னா நானும் ஏறல. அவ்வளவுதான்," என்றாள்.

அந்தக் குரலில் கோபம் இல்லை. ஆனால் மாஸ்டர் நாற்காலி அவள் கையைவிட்டுப் போவதை அந்த அறையில் இருந்த எல்லாருமே பார்த்தோம். கவுண்டருக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு இதுதான் கஷ்டம். சீட் இல்லை என்று சொல்வது எளிது. எதற்காக அந்த சீட் என்று தெரிந்துவிட்ட பிறகு சொல்வதுதான் கஷ்டம்.

கேன்சல்

பிரபு வெளியே டீக்கடைக்குப் போனார். கண்ணாடி வழியாகத் தெரிந்தார். டீயை வாங்கினார், குடிக்கவில்லை, அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டு வந்தார்.

"அக்கா, என் சீட்ட கேன்சல் பண்ணா அது கொழந்தைக்குக் கெடைக்குமா?"

ஜெபராணி எழுந்துவிட்டாள். "சார், நீங்க வரலியா?"

"நான் வந்து என்ன பண்ணப் போறேன்? பக்கத்துல நின்னு மண்டைய ஆட்டுவேன். அத இங்கிருந்தே போன்ல ஆட்டிக்கறேன். தைக்கறது நீங்க. போட்டுக் காட்டறது புள்ள. நீங்க ரெண்டு பேரும் இல்லாம நான் மட்டும் போனா அங்க எனக்கா ரோம்பர் மாட்டிப் பாப்பாங்க?" சொல்லிவிட்டு முகம் கோணினார். "புதுசா கோட்டு வேற தெச்சு வெச்சிருக்கேனுங்க."

"கோட்ட அந்தப் புள்ள கையில குடுத்து உடுங்க தம்பி," என்றார் ஜமால் பாய். "அதாச்சும் டெல்லியப் பாத்துட்டு வரட்டும்."

"ஐயோ, நான் தனியாவா? எனக்கு இங்கிலீசு ஒரு வார்த்தை வராதே சார்!" என்றாள் ஜெபராணி.

"வராதா? ஆர்ம்ஹோலு, நெக் டிராப், லெக் ஓப்பனிங், டாலரன்ஸு... நாளெல்லாம் இதத்தான பேசறீங்க. இதெல்லாம் என்ன, தூத்துக்குடித் தமிழா?"

அவள் அட்டையை என் பக்கம் நகர்த்தினாள். 

நான் ஏர்லைன்ஸ் ரிசர்வேஷனுக்குப் போன் போட்டேன். டிக்கெட்டில் பெயரை மாற்ற முடியாது. கேன்சல் செய்து, திரும்ப வருகிற சீட்டைப் பிடிக்கத்தான் முடியும். குழந்தையைத் தனியாகவும் சிஸ்டம் ஏற்காது, அம்மாவின் புக்கிங் நம்பரான பிஎன்ஆரோடு அவர்கள்தான் சேர்க்க வேண்டும். மறுமுனையில் ஒரு பெண்.

"மேடம், நீங்க கேன்சல் பண்ணா அந்த சீட் உங்களுக்குத்தான்னு நான் சொல்ல முடியாது. யார் முதல்ல எடுக்கறாங்களோ அவங்களுக்கு."

"தெரியுங்க. நீங்க லைன்ல இருங்க. நாங்க இந்தப் பக்கம் கேன்சல் அடிக்கிறோம். வந்ததும் எடுத்துருங்க."

"ட்ரை பண்றேன் மேடம்."

இன்னொரு கம்ப்யூட்டரில் ஜமால் பாய் பிரபுவின் பெயரைத் திறந்து வைத்திருந்தார். என்னைப் பார்த்தார். நான் பிரபுவைப் பார்த்தேன். இந்தியாவில் எந்த மூலையிலோ ஒருவர் அதே நேரம் அதே விமானத்தில் சீட் தேடிக்கொண்டிருந்தால் பிரபுவும் போக முடியாது, இவர்களும் போக முடியாது. பிரபு தலையை ஆட்டினார். "பிஸ்மில்லா" என்று சொல்லி ஜமால் பாய் பட்டனைத் தட்டினார்.

"ஃபுல்தான் காட்டுது மேடம்," என்றாள் போனில் அந்தப் பெண்.

"இப்பத்தான் கேன்சல் ஆச்சுங்க. இன்னொருதடவ பாருங்க."

"இன்னும் ஃபுல்."

  ஷைனி டம்ளரைக் கவிழ்த்தாள். தண்ணீர் கண்ணாடிப் பலகையில் ஓடி அட்டையை நோக்கிப் போனது. ஜெபராணி முந்தானையால் அதை அணை கட்டினாள். நான் போனைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றேன். என் வேலையில் நான் அனுபவித்த மிக நீளமான நேரம் அது என்றே தோன்றுகிறது. ஒரு இருக்கை, கண்ணுக்குத் தெரியாத எங்கேயோ ஒரு கம்பியில், ஒரு பெயரை உதறிவிட்டு இன்னொரு பெயரைத் தேடி நகர்ந்துகொண்டிருந்தது.

"மேடம்... ஒண்ணு வந்திருக்கு."

"எடுங்க, எடுங்க!"

"சைல்டு நேம் சொல்லுங்க."

சொன்னேன். பிறந்த தேதியை அட்டையைப் பார்த்து இரண்டு முறை சொன்னேன்.

"கன்ஃபர்ம்டு மேடம். குழந்தைக்கு ஜன்னல் சீட் ஓகேவா?"

அந்தப் பெண்ணை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் கேள்விக்காக இன்றும் அவளை நினைத்துக்கொள்கிறேன்.

கண்ணாடிக்கு வெளியே

முதல் முறை பறக்கிறவள், தனியாகப் போகிறாள் என்பதால் ஜமால் பாய் என்னையும் கோவை ஏர்போர்ட் வரை கூடவே அனுப்பினார். கம்பெனிக் காரில் போனோம். சாம்பிள் பெட்டி பின்னால். ஜெபராணி வழியெல்லாம் உடுப்பின் அளவுகள் எழுதிய ஸ்பெக் ஷீட்டைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டே வந்தாள், ஜெபப் புத்தகம் போல.

ஏர்போர்ட் வாசலில் துப்பாக்கி வைத்திருந்த காவலர் இந்தியில் ஏதோ கேட்டார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் குழந்தையைக் காட்டி, பிறகு பிரின்ட்டைக் காட்டினேன். அவள் புரிந்துகொண்டாள். தன் வாக்காளர் அட்டை, பிரின்ட், தடுப்பூசி அட்டை மூன்றையும் சீட்டுக்கட்டு போல விரித்துக் காட்டினாள். அவர் பெயர்களைப் படித்தார், குழந்தையின் கன்னத்தைத் தட்டினார், வழிவிட்டார். எனக்கு அதற்கு மேல் அனுமதி இல்லை.

கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். செக்-இன் கவுண்டரில் இருந்த பெண் தடுப்பூசி அட்டையைப் புரட்டினாள். ஆஸ்பத்திரி முத்திரையைப் பார்த்தாள். பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ கேட்டாள். நான் கண்ணாடியை ஒட்டிப் போய் நின்றேன். முந்தின நாளே போன் செய்து இந்த அட்டையை ஏற்பீர்களா என்று கேட்டு, ஏற்போம் என்று பதில் வாங்கி, சொன்னவர் பெயரையும் குறித்துவைத்திருந்தேன். என்றாலும் அந்தப் பெயரை எழுதிய துண்டுக் காகிதத்தைப் பையில் தேடினேன். பிறகு அந்தப் பெண் சிரித்தாள். இரண்டு போர்டிங் பாஸ் வெளியே வந்தது. ஒன்றை ஜெபராணியிடம் கொடுத்தாள். கவுண்டரிலிருந்து எட்டிக் குனிந்து, மற்றொன்றைக் கீழே நின்றவளிடம் நீட்டினாள்.

ஷைனி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். பாதுகாப்புச் சோதனையில் முத்திரை குத்தக் கேட்டபோது கொடுக்க மாட்டேன் என்று அழுது, வரிசையையே நிறுத்தினாளாம். அதை ஜெபராணி பிறகு சொன்னாள். வேறு பலவும் சொன்னாள்.

டெல்லியில் கேட்ட கேள்வி

திரும்பி வந்த அன்று அவள் நேரே எங்கள் ஆபீஸுக்கு வந்தாள். உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னாள்.

"ரோம்பர மாட்டுனோம்க்கா. மேல எல்லாம் சரியா நிக்கு. கீழ இழுக்கு. அங்கத்த பிள்ளைய எல்லாம் டயாப்பர் கட்டியிருக்குமாம். நம்ம பிள்ள சும்மா ஜட்டிதான. உள்ள ஒரு டயாப்பர வச்சுப் பாத்தா துணி பத்தல. அங்ஙனயே பிரிச்சு, பின்பக்க சீட்ல முக்கால் இஞ்சு இறக்கி, ஓவர்லாக் மெஷின்ல அடிச்சு மாட்டுனேன். இவ அதோடயே தூங்கிட்டா. தூங்குனதுதான் நல்லதாப் போச்சு, உடுப்பு உறுத்தலன்னு பையர் ஆபீஸ் அம்மாவே சொன்னாவ."

"அந்த அம்மாகிட்ட எப்படிப் பேசுன?"

"பேச்சு என்ன பேச்சு, விரல வச்சு காட்டுனேன். பிரபு சார் போன்ல இருந்தாவ. பாதி அவிய சொல்லுமுன்னயே முடிஞ்சிட்டு." மூச்சு வாங்கினாள். "சாம்பிள்ல கையெழுத்துப் போடுத நேரத்துல அந்த அம்மா ஒண்ணு கேட்டாவக்கா. மாஸ்டர் வரலியான்னு."

"நீ என்ன சொன்ன?"

"பிள்ளையத் தோள்ல மாத்திப் போட்டுக்கிட்டேன். அப்புறம் நாந்தான் மாஸ்டர்னுட்டேன்."

பிரபு அவள் பின்னால் நின்றிருந்தார். கோட்டுப் போட்டிருந்தார். திருப்பூர் வெயிலில், கோட்டு. "மொதலாளிகிட்டயும் அதையேதாங்க சொன்னேன்," என்றார். "ஈரோட்டுக்காரர வர வேண்டாம்னு சொல்லியாச்சு."

எங்கேயும் போகாதவர்கள்

இனி கவுண்டரில் உட்காரப்போகும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். குழந்தையின் வயதைக் கேட்காதீர்கள். பிறந்த தேதியைக் கேளுங்கள். வயது ஆளாளுக்கு மாறும், அம்மாவுக்கு ஒன்று, பாட்டிக்கு ஒன்று, பஸ் கண்டக்டருக்கு ஒன்று, டேப்புக்கு ஒன்று. போகும் நாளை மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள், திரும்பி வரும் நாளிலும் இரண்டு வயது முடியாமல் இருக்கிறதா என்று எண்ணுங்கள். பர்த் சர்டிபிகேட் இருந்தால் அதுவே மேல். தடுப்பூசி அட்டையை ஏற்பார்களா என்று அந்தந்த ஏர்லைன்ஸில் முன்கூட்டியே கேளுங்கள், ஒருவர் ஏற்பதை இன்னொருவர் ஏற்காமல் போகலாம். அம்மாவின் போட்டோ அடையாள அட்டையையும் மறக்காதீர்கள். பிள்ளையின் பேப்பரைத் தேடுகிற பதற்றத்தில் தங்களுடையதை வீட்டில் வைத்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. வெளிநாடு என்றால் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தனிப் பாஸ்போர்ட். எல்லாவற்றுக்கும் மேல், பேப்பரை உங்கள் கண்ணால் பாருங்கள், முடிந்தவரை முன்னாலேயே.

ஜெபராணி மாஸ்டர் ஆன பிறகு ஒன்று நடந்தது. வேலம்பாளையம் லைன் வீடுகளிலிருந்து பெண்கள் எங்கள் ஆபீஸுக்கு வர ஆரம்பித்தார்கள். பெரும்பாலும் தெற்கத்திப் பெண்கள், ஷிப்ட் முடிந்து, தலையில் பஞ்சுத் தூசியோடு. "அக்கா, ஜெபா சொன்னா. பிள்ளைக்குச் சர்டிபிகேட்டு எங்க வாங்கணும்? ஊர்ல பொறந்தா ஊருக்குத்தான் போணுமா? பேரு எழுதாம விட்டிருக்கு, அத எப்படி எழுதறது?" நான் தெரிந்ததைச் சொல்வேன். தெரியாததை முனிசிபாலிட்டியில் கேட்டுச் சொல்வேன்.

ஒருநாள் ஜமால் பாய் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஏம்மா, இது டிக்கெட் ஆபீஸா, பொறப்பு எறப்பு ஆபீஸா? இவங்கள்ல யாராச்சும் டிக்கெட் எடுப்பாங்களா?"

நான் பதில் சொல்வதற்குள், கைக்குழந்தையோடு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த ஒருத்தி நிமிர்ந்தாள்.

"இப்ப எங்கயும் போகலைங்கய்யா," என்றாள். "போறப்ப பிள்ளைக்கு ஒண்ணும் இல்லைன்னு ஆயிரக் கூடாதுல்லா."

ஜமால் பாய் எழுந்தார். உள்ளே போய் இன்னும் இரண்டு நாற்காலியை எடுத்து வந்து போட்டார்.